தொடக்க ஆண்டு

அலுவலகத்தில் அவளுக்கு மியூட் என்று பெயர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு இணையவழிக் கூட்டம். மேலிடத்தில் ஒருவர் அவளிடம் ஏதோ கேட்டுவிட்டு, பதில் வராததால், "உங்க மைக் மியூட்ல இருக்கும்மா" என்றார். மைக் மியூட்டில் இல்லை. அவள்தான் வாயைத் திறக்கவில்லை. அவள் மூச்சு விடுவது எல்லோர் காதிலும் தெளிவாக விழுந்துகொண்டிருந்தது.

அப்போது பக்கத்து நாற்காலியிலிருந்து ஒரு கை நீண்டு அவளுடைய மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பியது. "அது வந்து சார், பகலைவிட ராத்திரி வெப்பநிலைதான் வேகமா ஏறுது, அதைத்தான் சொல்ல வர்றாங்க" என்று கடகடவென்று ஒப்பித்தது ஒரு குரல். மியூட்டுக்குப் பெயர் வைத்த கையோடு அந்தக் குரலுக்குரியவளுக்கும் அலுவலகம் பெயர் வைத்துவிட்டது. மைக்.

அன்றிலிருந்து இருவரும் ஜோடி. மியூட் கணக்குப் போடுவாள், மைக் பேசுவாள். கூட்டங்களில் மைக் மேடையில் நிற்பாள். மியூட் ஓரமாக மடிக்கணினியோடு உட்கார்ந்திருப்பாள். மைக் லேசாகத் தலையை ஆட்டினால் அடுத்த பக்கத்துக்குப் பொத்தானை அழுத்துவாள்.

"நம்ம ரெண்டு பேரையும் சேர்த்தாத்தான்டி ஒரு முழு விஞ்ஞானி" என்பாள் மைக். "சம்பளம் மட்டும் ரெண்டா வாங்கிக்கலாம்."

வேளாண் ஆராய்ச்சி நிலையத்தின் வானிலைப் பிரிவு என்பது மொத்தமே ஒரு நீள அறை. ஜன்னலுக்கு வெளியே கம்பி வேலிக்குள் மழைமானி, காற்றுமானி, நான்கு கால்களில் நிற்கும் ஒரு வெள்ளை மரப்பெட்டி. வெயில் விழாமல் காற்று மட்டும் போய்வரும்படி அதன் பலகைகள் சாய்வாக அடிக்கப்பட்டிருக்கும். உள்ளே வெப்பமானிகள். காலையில் வந்ததும் மியூட்டின் முதல் வேலை அந்தப் பெட்டியைத் திறந்து, முந்தின இரவு எவ்வளவு வரை குளிர்ந்தது என்று பார்ப்பது. பார்த்துவிட்டுப் பெட்டியைச் சாத்தும்போது கைப்பேசி அடிக்கும். அப்பா.

"என்ன சொல்லுது உன் பொட்டி?"

"பொட்டிக்கு நேத்து ராத்திரி மட்டும்தாம்ப்பா தெரியும்."

"சரி, நீ என்ன சொல்ற? மருந்தடிக்கலாமா?"

"சாயந்தரம் தூறல் இருக்கும்போல. நாளைக்கு அடிங்க."

"சரி."

அவ்வளவுதான் பேச்சு. சாப்பிட்டாயா, தூங்கினாயா என்றெல்லாம் அப்பாவுக்குக் கேட்க வராது. அவளுக்கும் சொல்ல வராது. இருவரும் ஒரே அச்சு. பேசிக்கொள்ள ஒரு சாக்கு வேண்டியிருந்தது. அவளுக்கு இந்த வேலை கிடைத்தபின் வானம் அந்தச் சாக்காக ஆனது. அவள் அடிக்க வேண்டாம் என்று சொன்ன நாளில் அப்பா ஒருமுறைகூட மருந்தடித்ததில்லை.

அப்பாவின் நிலம் கிழக்கு வாய்க்காலின் கடைக்கோடியில் இருந்தது. இரண்டு போகமும் மக்காச்சோளம். முதல் போகம் மழையிலேயே தேறிவிடும். இரண்டாவது போகம் கதிரில் பால் பிடிக்கிற நேரத்தில் அணையிலிருந்து கடைசியாக ஒரு தண்ணீர் விடுவார்கள். அது வந்தால்தான் மணி திரளும். வராவிட்டால் தட்டையை அறுத்து மாட்டுக்குப் போட வேண்டியதுதான்.

இப்போது அந்தக் கடைசித் தண்ணீரைப் புதிதாக வரும் தொழிற்பேட்டைக்குத் திருப்பப் பார்த்தார்கள். கிழக்குப் பகுதியில் பின்பருவ மழை கூடிக்கொண்டே வருகிறது, ஆகவே வாய்க்கால் தண்ணீர் அங்கே தேவையில்லை என்று நீர்வளத் துறை சொன்னது. விவசாயிகள் கொதித்துப் போனார்கள். கடைசியில், வானிலைப் பிரிவு நாற்பது ஆண்டு மழையையும் வெப்பத்தையும் பார்த்துச் சொல்லட்டும், எல்லோர் முன்னாலும் சொல்லட்டும், அன்றே முடிவெடுக்கலாம் என்று பேசி முடித்தார்கள்.

மியூட் பார்த்தாள். நீர்வளத் துறை சொன்னதற்கு நேர்மாறாக இருந்தது. ஆண்டு முழுக்கப் பெய்யும் மழை பெரிதாகக் குறையவில்லை. ஆனால் பெய்கிற நாட்கள் குறைந்திருந்தன. ஒரே நாளில் கொட்டித் தீர்த்துவிட்டு வாரக்கணக்கில் தலைகாட்டாமல் போகும் பழக்கம் மழைக்கு வந்திருந்தது. பின்பருவ மழை மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. இரவுகள் சூடேறிக்கொண்டிருந்தன. இரவு சூடானால் பயிர் பகலில் சேர்த்ததை இரவில் செலவழித்துவிடும், மணி சிறுத்துப்போகும். கடைசித் தண்ணீர் அப்பா இளவட்டமாக இருந்த காலத்தைவிட இப்போதுதான் அதிகம் வேண்டியிருந்தது.

கூட்டத்துக்கு முன் யாரிடமும் முடிவைச் சொல்லக் கூடாது என்பது அலுவலக விதி. ஒரு காலையில் அப்பா மருந்தடிப்பது பற்றிக் கேட்டு முடித்த பின்னும் போனை வைக்காமல் நின்றார்.

"அந்தக் கணக்கு... நீதான் போடுறியாமே?"

"ஆமாப்பா."

"என்ன வருது?"

"சொல்லக் கூடாதுப்பா. கூட்டத்துல தெரியும்."

சொல்லும்போது அவள் குரலில் ஒரு சிரிப்பு ஒட்டிக்கொண்டிருந்தது. அப்பாவுக்கு அது போதும். "சரி" என்று வைத்துவிட்டார்.

மைக்கிடம் மட்டும் விளக்கினாள். மைக்தானே பேசப் போகிறவள். மைக்கிடம் மட்டும் மியூட்டுக்குப் பேச்சு தடையில்லாமல் வரும். தேநீர் நேரம். பிரிவில் வேறு யாரும் இல்லை.

"எல்லாம் சரிடி. அப்ப அந்த நீர்வளக்காரங்க எப்படி மழை கூடுதுன்னு சொல்றாங்க? அவங்களும் இதே கணக்கைத்தானே பாக்குறாங்க?"

"எந்த வருஷத்துலேருந்து ஆரம்பிக்கிறாங்கங்கிறதுல இருக்குக்கா. இருங்க, காட்டுறேன்."

விரிதாளின் மூலையில் ஒரு கட்டத்துக்கு மஞ்சள் நிறம் கொடுத்தாள். அதில் ஓர் ஆண்டைத் தட்டினால் வரைபடம் அந்த ஆண்டிலிருந்து தொடங்கும். அதன் போக்கைக் காட்டும் சிவப்புக் கோடு தானாக விழும். நாற்பது ஆண்டில் முதலாவதைத் தட்டினாள். கோடு சரிந்து இறங்கியது. பிறகு பஞ்ச வருடத்தைத் தட்டினாள். வாய்க்காலில் முள்செடி முளைத்த வருடம். கோடு விறுவிறுவென்று மேலே ஏறியது.

"அடிப்பாவி! மந்திரம் மாதிரில்ல இருக்கு!"

"மந்திரமில்லக்கா, ஃபிராடு. பஞ்சத்துக்கு அப்புறம் எது வந்தாலும் ஏத்தம்தானே? டைஃபாய்டுல படுத்த வாரத்துலேருந்து எடை எடுத்தா நான்கூட குண்டாயிட்டேதான் போறேன்."

மைக் தேநீர் புரையேறச் சிரித்தாள். "உள்ளுக்குள்ள இவ்வளவு வச்சிருக்க, வெளியில காத்துதான் வருது. தள்ளு, நான் ஒரு வாட்டி தட்டுறேன்." இருவரும் மாற்றி மாற்றித் தட்டினார்கள். கோடு ஏறியது, இறங்கியது, ஏறியது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் போல ஆகிவிட்டார்கள். பிறகு மியூட் மஞ்சள் கட்டத்தில் முதல் ஆண்டைத் திரும்பப் போட்டு, கோப்பைச் சேமித்து மூடினாள். அந்தக் கட்டத்தை அழிக்கவில்லை. அவள் அதை அழகாகச் செய்திருந்தாள். அழிக்க மனம் வரவில்லை.

கூட்டத்துக்கு முந்தின நாள் மைக் அவள் தோளைத் தட்டினாள். "எல்லாப் பக்கத்தையும் நான் உக்காந்து அழகுபடுத்திட்டேன். நீ ஒண்ணும் பாக்க வேண்டாம், அழுத்தினாப் போதும். அப்பா வர்றாரில்ல? பதறாம இரு."

அரங்கம் நிறைந்திருந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகள் போதாமல் பின்னால் சுவரை ஒட்டி நின்றார்கள். மேடையில் நீர்வளத் துறையின் பெரிய பொறியாளர், பேனாவும் கோப்புமாக. இரண்டாம் வரிசையில் அப்பா, இஸ்திரி போட்ட சட்டையில், முதுகு நாற்காலியில் படாமல் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அண்ணன். மடிக்கணினிக்கு மின்கம்பி தேடிக்கொண்டிருந்த அவளிடம் அண்ணன் வந்து குனிந்தான்.

"விவசாயிங்க சார்பா அப்பாதான் தண்ணியைத் திருப்புறதை எதிர்த்துப் பேசப் போறாரு. மூணு நாளா கண்ணாடி முன்னாடி நின்னு ஒத்திகை. நாய்கூட வெளியில போய்ப் படுத்துக்கிச்சு."

மியூட்டுக்குச் சிரிப்பு வந்தது. அப்பாவைப் பார்த்தாள். அப்பா அவளைப் பார்க்காத மாதிரி கழுத்துப் பொத்தானைச் சரிசெய்தார்.

மைக் பேச ஆரம்பித்தாள். அவளுக்கே உரிய பேச்சு. முதலில் மின்விசிறியைக் கிண்டல் செய்தாள், பிறகு தன்னையே கிண்டல் செய்தாள், கூட்டம் இளகியது. வெப்பநிலையை இரண்டு வாக்கியத்தில் தாண்டினாள். மியூட்டுக்கு அது உறுத்தியது. இரவுச் சூட்டைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டுமே. மைக் தலையை ஆட்டினாள். மியூட் அழுத்தினாள்.

திரையில் சிவப்புக் கோடு மேலே ஏறிக்கொண்டிருந்தது.

வேறு ஏதோ பகுதியின் படம் மாறி வந்துவிட்டது என்று முதலில் நினைத்தாள். பிறகு இடது மூலையைப் பார்த்தாள். பஞ்ச வருடம். அன்றைக்கு விளையாடினோமே, அது எப்படியோ ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது, அக்கா கவனிக்கவில்லை என்று நினைத்தாள். செருமினாள். கையை லேசாக ஆட்டினாள். மேசையைத் தட்டினாள். மைக் திரும்பவில்லை.

"கிழக்குப் பகுதியில பின்பருவ மழை கூடுது" என்றாள் மைக். "நாங்க சொல்லல, கோடு சொல்லுது."

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. யாரோ, "எங்க வயலை மட்டும் விட்டுட்டுப் பெய்யுதா?" என்றார்.

மைக் சிரித்தாள். "கேளுங்க, தாராளமா கேளுங்க. ஆனா அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடுறேன். இந்தக் கணக்கைப் போட்டது நானில்ல. வெளியூர் ஆளும் இல்ல. இதே கிழக்கு வாய்க்கால் தண்ணியில வளர்ந்த பொண்ணு. அவ அப்பா இங்கதான் உக்காந்திருக்காரு. தப்பா இருந்தா சொந்த வீட்டுக்கே வாய்க்காலை அடைப்பாளா? எந்திரிம்மா."

மியூட் எழுந்து நின்றாள். பழக்க தோஷம். மைக் சொன்னால் அவள் உடம்பு கேட்டுவிடும். நின்ற பிறகுதான் ஏன் நின்றோம் என்று உறைத்தது. அதற்குள் சிலர் கைதட்டிவிட்டார்கள்.

அப்பா எழுந்தார். சட்டைப் பையிலிருந்த காகிதத்தை எடுத்தார். மகளைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், மறுபடியும் மகளைப் பார்த்தார். காகிதத்தைப் பிரிக்காமலே திரும்பப் பைக்குள் வைத்தார்.

"நான் எதிர்த்துப் பேசத்தான் வந்தேன்" என்றார். "எனக்கு மழை குறையுற மாதிரிதான் தெரிஞ்சுது. ஆனா எனக்குத் தெரியுறது வேற, கணக்கு வேற. என் பொண்ணு போட்ட கணக்குன்னா நான் சொல்றதுக்கு ஒண்ணுமில்ல."

உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்ததும், அவர் பேசுவார் என்று நம்பி வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் எழவில்லை.

"அப்ப எல்லாருக்கும் சம்மதம்தானே?" என்று பொறியாளர் பேனா மூடியைக் கழற்றினார்.

மைக் தலையை ஆட்டினாள். அடுத்த பக்கம். நன்றி என்று பெரிய எழுத்தில் இருக்கும் பக்கம்.

மியூட் அதை அழுத்தவில்லை. படக்காட்சியை மூடிவிட்டு விரிதாளைத் திறந்தாள். கோப்பின் பெயர் 'இறுதி' என்று மாறியிருந்தது. அவள் தன் கோப்புகளுக்கு அந்தப் பெயரை வைப்பதே இல்லை. எந்தக் கணக்கும் இறுதி இல்லை என்பது அவள் வாடிக்கையாகச் சொல்வது. அதைக் கேட்டுச் சிரித்தவளும் மைக்தான். மூலையில் மஞ்சள் கட்டம். அதற்குள் பஞ்ச வருடம், தடித்த எழுத்தில், நேர்த்தியாக. கவனக்குறைவு இல்லை. உட்கார்ந்து செய்த வேலை.

அவள் அதை அழித்துவிட்டு முதல் ஆண்டைத் தட்டினாள்.

அத்தனை பேர் கண்ணெதிரே, பெரிய திரையில், சிவப்புக் கோடு தலைகீழாகச் சரிந்தது.

அரங்கத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். மைக் திரும்பித் திரையைப் பார்த்தாள், முகம் வெளுத்தது. ஆனாலும் அவள் மைக் அல்லவா. "ஒண்ணுமில்லங்க, சின்ன தொழில்நுட்பக் கோளாறு" என்று சிரித்தாள். ஒலிவாங்கியைக் கையால் மூடிக்கொண்டு, "மியூட், முந்தின பக்கம் போடு" என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு.

மியூட் கூட்டத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் வந்திருக்காது. அப்பாவை மட்டும் பார்த்தாள்.

"அப்பா, முன்னாடி காட்டினது நாம மாட்டை வித்த வருஷத்துல ஆரம்பிக்குதுப்பா."

குரல் உடைந்து வந்தது. ஆனால் கேட்டது. முன்வரிசைகள் அடங்கின.

"அந்த வருஷத்துலேருந்து பாத்தா எல்லாமே ஏத்தம்தான். இதுதான் முழுசு. பின்மழை குறையுது. ராத்திரி சூடாகுது. தண்ணி வேணும்."

அவள் ஒரு சபையில் பேசியதிலேயே அதுதான் நீளமானது. பேசிவிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

பின்சுவரை ஒட்டி நின்றிருந்த ஒருவர் கேட்டார். "அப்ப கோடு உங்க இஷ்டத்துக்கு ஏறும், இஷ்டத்துக்கு இறங்கும். அப்படித்தானே?"

"இன்னொரு வாட்டி தட்டும்மா" என்றார் இன்னொருவர். "எங்க வயலுக்கு மட்டும் கொஞ்சம் சேர்த்துப் பெய்யட்டும்."

சிரிப்பு அலையாக முன்னால் வந்தது. அப்படி இல்லை, எங்கிருந்து பார்க்க வேண்டும் என்பதற்கு முறை இருக்கிறது, எல்லா ஆண்டையும் எடுத்தால் யாரும் ஏமாற்ற முடியாது என்று அவளுக்குள் வாக்கியங்கள் வரிசையாக வந்து நின்றன. வழக்கம்போல உதடு வரைக்கும்தான் வந்தன. அவற்றை எடுத்துச் சொல்லும் ஆள் மேடையில் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பொறியாளர் பேனாவை மூடினார். "இந்தக் கணக்கை வச்சு நான் எந்த முடிவும் எடுக்க மாட்டேன். இந்த வருஷம் தண்ணி வழக்கம்போல வரும். அடுத்த வருஷத்துக்கு வெளியாளுங்களை வச்சுப் பாத்துக்கலாம். உங்க பிரிவு இதுக்குள்ள இனிமே வர வேண்டாம்."

தண்ணீர் தப்பித்தது. யாரும் கைதட்டவில்லை.

அரங்கம் காலியானபின் மைக் கம்பிகளைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். எப்போதும் மியூட் செய்யும் வேலை அது.

"எனக்கு ஒரு ஜாடை காட்டியிருக்கலாம்ல?"

"காட்டினேன்கா. நீங்க திரும்பல."

மைக் கம்பியை முழங்கையில் சுற்றிக்கொண்டே பேசினாள். "என் பொண்ணு தலைநகர்ல ஹாஸ்டல்ல கெடக்கா. எத்தனை வருஷமா மாற்றல் கேக்குறேன், உனக்கே தெரியும். இந்த ஒரு கூட்டம் சத்தமில்லாம முடிஞ்சா மாற்றல்ல கையெழுத்துன்னு மேலிடத்துல சொன்னாங்க."

"எங்க வீட்டுக்கு வந்திருக்கீங்களேக்கா. வாய்க்கால்ல காலை விட்டு உக்காந்திருந்தீங்களே. அப்பா உங்களுக்குக் கதிர் ஒடிச்சுக் குடுத்தாரே."

"தெரியும்டி. அதனாலதான் உன்கிட்ட கேக்கல." மைக்கின் கண்கள் சிவந்திருந்தன. "உனக்காக எத்தனை கூட்டத்துல நான் வாயைத் திறந்திருக்கேன். எனக்காக ஒரே ஒரு தடவை நீ வாயை மூடிட்டு இருந்திருக்கலாம். அதுதான் உனக்கு நல்லா வருமே."

கம்பிச் சுருளை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். துரோகம் செய்தவள் அழுதுகொண்டு போவதை மியூட் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு அழக்கூட முறை வரவில்லை.

வெளியே வேப்ப மரத்தடியில் அண்ணன் பைக்கைக் கிளப்பி வைத்திருந்தான். அப்பா ஏறாமல் நின்றிருந்தார். அவளுக்காகத்தான் நின்றிருக்கிறார் என்று நினைத்து வேகமாக நடந்தாள்.

"அந்த மஞ்சக் கட்டம்" என்றார் அப்பா. "அதைச் செஞ்சது அந்தம்மாவா?"

ஆமாம் என்று தலையை ஆட்டியிருக்கலாம். அவளுக்கு அது வரவில்லை.

"இல்லப்பா. நான்."

"எதுக்கு?"

"ஏமாத்துறவங்க எப்படி ஏமாத்துவாங்கன்னு அவங்களுக்குக் காட்ட. சும்மா... விளையாட்டுக்கு."

"விளையாட்டுக்கு" என்றார் அப்பா.

அண்ணன் இன்ஜினை அணைத்தான். "விடுங்கப்பா. அவதானே கடைசியில நிறுத்தினா? தண்ணி வருதுல்ல?"

"தண்ணி வருது" என்றார் அப்பா. சட்டைப் பையைத் தொட்டுக்கொண்டார். பிரிக்காத காகிதம் உள்ளேதான் இருந்தது. "கூட்டத்துல என்ன வரும்னு கேட்டேன். சிரிச்ச. அதை நம்பித்தான் வந்தேன். அவ்வளவு பேர் முன்னாடி உன் பேரைச் சொல்லி உக்காந்தேன்."

பின்னிருக்கையில் ஏறி உட்கார்ந்தார். இந்த முறை முதுகு வளைந்திருந்தது. அண்ணன் அவளைப் பார்த்து உதட்டைப் பிதுக்கிவிட்டு வண்டியை எடுத்தான்.

மறுநாள் காலை அலுவலகத்தில் மைக்கின் மேசை திசை மாறியிருந்தது. இப்போது மைக் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். மியூட் வெளியே வந்து வெள்ளைப் பெட்டியைத் திறந்து, வெப்பமானியைப் படித்து, பெட்டியைச் சாத்தினாள். கைப்பேசி அடிக்கவில்லை. பூட்டைப் போட்டாள். மழைமானியைப் பார்த்தாள், அதில் பார்க்க ஒன்றுமில்லை. ஒரு சருகை எடுத்துப் போட்டாள். வேலிக் கதவைச் சாத்திவிட்டு அதன் பக்கத்திலேயே நின்றாள்.

அறைக்குத் திரும்பிய பிறகு அடித்தது. அண்ணன்.

"நான்தான். அப்பா ஒண்ணும் கேக்கச் சொல்லல, நானாத்தான் கேக்குறேன். இன்னிக்கு மருந்தடிக்கலாமா?"

பின்னால் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. அப்பா பக்கத்தில்தான் இருக்கிறார் என்று தெரிந்தது. அண்ணனுக்கு மருந்து கலக்கத் தெரியாது.

"அடிக்கலாம்ணா. இன்னிக்கு மழை இல்ல."

அண்ணன் அதை அங்கே திருப்பிச் சொன்னான். மோட்டார் நின்றது. அப்பாவின் குரல் கேட்டது. அவளிடம் பேசவில்லை, அண்ணனிடம்தான்.

"எந்த வருஷத்துலேருந்து பாத்துச் சொல்றான்னு கேளு."

"உனக்குக் கேட்டுச்சா?" என்றான் அண்ணன், மெதுவாக.

"கேட்டுச்சு" என்றாள் மியூட்.